‘ஐ.ஓ. போயிடுச்சு’: எட்டு விசைகளுக்கு நான் கொடுத்த ரூ. 6,300

மடிக்கணினியின் விசைப்பலகை பழுதாகி, அதைக் கடையில் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் நான் ரூ. 6,300 கொடுத்து ஏமாந்தேன். பிறகு அதே பழுதை வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையின்மேல் பழைய வேட்டியை விரித்து, ஒரு மணி நேரத்தில் சரிசெய்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை; புகார் நிலுவையில் இருப்பது அதற்கு ஒரு காரணம்.

நான் நிலப் பத்திரங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் மொழிபெயர்ப்பவள். 2016-இல் வாங்கிய மடிக்கணினியில் தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறேன். விசைகளின்மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளும் உண்டு. கடந்த ஆவணியில் ஒரு நாள் காலையில் ‘பத்திரம்’ என்று அடித்தால் ‘பத்திரம’ என்று வந்து நின்றது. இடையில் வரும் த் என்ற எழுத்துக்கு, அடுத்தும் தகரமே வருவதால், மென்பொருளே புள்ளி வைத்துவிடுகிறது. கடைசி மகரத்துக்கு நான்தான் வைக்க வேண்டும், அந்தப் புள்ளி விசை வேலை செய்யவில்லை. சற்று நேரத்தில் பார்த்தால் ஐ, ஏ, எ, வ, ங ஆகியவையும், மேல் வரிசையில் 4, 5 என்ற எண்களும் செத்திருந்தன. புள்ளி இல்லாத தமிழை வைத்துக்கொண்டு பத்திரம் மொழிபெயர்க்க முடியாது.

தட்டச்சு மென்பொருளைத்தான் முதலில் சந்தேகித்தேன். அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன்; பயன் இல்லை. கணினியை மறுதொடக்கம் செய்தபோது உள்நுழைவுக் கடவுச்சொல்லில் இருந்த ஆர் என்ற ஆங்கில எழுத்தே விழாததால், திரை விசைப்பலகையைத் திறந்து சுட்டியால் அழுத்தித்தான் உள்ளே போக முடிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து யு.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றை வாங்கிச் செருகினேன். அதில் எல்லா எழுத்துகளும் ஒழுங்காக விழுந்தன. அந்த ஒரு சோதனையே விண்டோஸும் மென்பொருளும் குற்றமற்றவை என்பதைச் சொல்லிவிட்டது. நான்தான் அதன் பொருளை அப்போது முழுதாக உணராமல், வேலை அவசரத்தில் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் மடிக்கணினியைத் திறக்கக்கூட இல்லை. நான்கைந்து விசைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், போர்டுல ஐ.ஓ. போயிடுச்சு. அது கீபோர்டையும் அடிச்சிருக்கு. ரெண்டையும் மாத்தணும்” என்றார். போர்டு எனப்படும் தாய்ப்பலகையிலுள்ள ஐ.ஓ. சிப்புக்கு ரூ. 4,500, புது விசைப்பலகைக்கு ரூ. 1,800. கடவுச்சொல்லையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். கட்சிக்காரர்களின் ஆவணங்கள் உள்ள கணினிக்கு அப்படி எழுதிக் கொடுத்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. விசைப்பலகையைச் சோதிக்க யாருக்கும் உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. உள்நுழைவுக் கட்டத்திலேயே விசைகளைத் தட்டிப் பார்த்துவிடலாம்.

நான்கு நாள் கழித்துக் கணினி திரும்பி வந்தது. எட்டு விசைகளும் வேலை செய்தன. ஆனால் விசைகளின்மேல் என் பழைய ஒட்டிகளே இருந்தன. ழ எழுத்து ஒட்டி முன்பே கிழிந்துபோய், நானே வெள்ளைத்தாளில் எழுதி வெட்டி ஒட்டியிருந்தேன்; அதுவும் அதே கோணலோடு அங்கேயே இருந்தது. கேட்டதற்கு, “பழசுல இருந்து பதமா எடுத்து ஒட்டிக் கொடுத்தோம் மேடம்” என்றார். அந்தப் பதில் எனக்குள் ஒரு நெருடலை ஏற்படுத்தினாலும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். ரசீது கேட்டபோது, ‘சர்வீஸ் 6300’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு கிடைத்தது. பழைய பாகங்களைக் கேட்டேன். “அதெல்லாம் ஸ்கிராப்புல போயிடும்” என்றார்.

பதினொன்றாம் நாள் அதே எட்டு விசைகள் மறுபடியும் செத்தன. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கோயம்புத்தூரில் போர்டு வேலை செய்யும் என் சித்தப்பா மகனைக் காணொளி அழைப்பில் பிடித்தேன். அவன் முதலில் கேட்டது, எந்தெந்த விசைகள் என்பதைத்தான். சொன்னதும், “அக்கா, இது ஒரே லைன். ரிப்பன் எடுத்துப் பாருங்க” என்றான். அவன் அன்று விளக்கியதை இங்கே எழுதுவதற்குக் காரணம், இது தெரிந்திருந்தால் நான் அந்தக் கடைப் படியே ஏறியிருக்க மாட்டேன் என்பதுதான்.

மடிக்கணினி விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாகக் கம்பி ஓடுவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாள்களின்மேல் மின்கடத்தும் மையால் அச்சிட்ட கோடுகள், வலைப்பின்னலைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. விசையை அழுத்தும்போது ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன; எந்த இரண்டு தொட்டன என்பதைக் கொண்டு போர்டிலுள்ள சிப் அந்த எழுத்தை அறிந்துகொள்கிறது. பெரும்பாலான விசைப்பலகைகளில் குறுக்கே 8 கோடுகளும் நெடுக்கே 16 அல்லது அதற்கு மேற்பட்ட கோடுகளும் உண்டு. அவை அனைத்தும் ஒரு தட்டையான ரிப்பனில் சேர்ந்து போர்டிலுள்ள செருகுவாயில் நுழைகின்றன. ஆகவே ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யாவிட்டால் அதன் அடியில் தூசியோ, கிழிந்த ரப்பர்க் குமிழோ இருக்கலாம். எட்டு விசைகள் ஒரே நேரத்தில் செத்தால், அவை அனைத்தும் பகிர்ந்துகொள்ளும் ஒரு கோடு எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ரிப்பன் முனையில் சரியாகத் தொடவில்லை. என் மாடலில் 4, 5 என்ற எண்களும் அவற்றுக்குக் கீழே இடக்கைச் சுட்டுவிரல் தொடும் ஆறு எழுத்துகளும் அப்படி ஒரே கோட்டில் இருந்தவை.

கடைகளில் ஐ.ஓ. என்று சொல்லப்படும் சிப், விசைப்பலகையை மட்டும் கவனிப்பதன்று. மின்பொத்தானை அழுத்தியதும் கணினி உயிர்பெறுவது, மின்கலம் மின்னேற்றம் பெறுவது, விசிறி சுழல்வது ஆகிய எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அது அடியோடு பழுதானால் பெரும்பாலும் கணினி எழும்பவே எழும்பாது. அதன் ஒரு முனை மட்டும் பழுதாகி ஒரு கோடு செத்துப்போவதும் நடக்கக்கூடியதுதான். நியாயத்துக்கு அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதைத் தீர்மானிக்க வேறொரு நல்ல விசைப்பலகையை அதே செருகுவாயில் மாட்டிப் பார்க்க வேண்டும். மூடியைக்கூடத் திறக்காமல் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அன்றிரவு கணினியை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, பின்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளி மின்கலத்தையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். அடிமூடியில் பதின்மூன்று துளைகள் இருந்தன. திருகாணிகள் ஒன்பதுதான் இருந்தன. மூடியைத் திறந்து கைப்பேசிக் கேமராவை அந்தச் சிப்பின்மேல் காட்டியதும் தம்பி சிரித்துவிட்டான். “சிப் மாத்தியிருந்தா சுத்தி, பத்தவைக்கிற ஃபிளக்ஸ் பசையோட கறை தெரியும், ஈயம் பளபளன்னு இருக்கும். இங்க எட்டு வருஷத் தூசி அப்படியே படிஞ்சு கெடக்கு, பாருங்கக்கா.”

பிறகு விசைப்பலகை. பழைய மாடல் என்பதால், அடிப்பக்கத்தில் விசைப்பலகைக் குறி போட்ட இரண்டு திருகாணிகளை எடுத்துவிட்டு, மேற்புற விளிம்பிலுள்ள கொக்கிகளைக் காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் முனையால் நெம்பினால் பலகை தூக்கிக்கொள்ளும். தூக்கியதும் சரேலென்று இழுத்துவிடக் கூடாது. கீழே ரிப்பன் மாட்டியிருக்கும். புரட்டிப் பார்த்தேன். பின்புறச் சீட்டில் தயாரிப்பு ஆண்டு 2016 என்று இருந்தது. எனக்கு ரூ. 1,800-க்கு விற்கப்பட்ட ‘புது’ விசைப்பலகை, நான் கணினி வாங்கிய நாள் முதல் அதிலேயே இருந்த விசைப்பலகைதான்.

அவர்கள் உண்மையில் செய்த வேலை ரிப்பனிலேயே தெரிந்தது. செருகுவாயின் கறுப்புத் தாழ் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அதற்குப் பதில் மேலே ஒரு துண்டு ஒட்டுநாடாவைப் போட்டு அழுத்தியிருந்தார்கள். ரிப்பனைக் கழற்றி மாட்டியதில் தற்காலிகமாக வேலை செய்திருக்கிறது. நாடா தளர்ந்ததும் முனை கோணலாகிவிட்டது. உடைந்த தாழ் என் வீட்டில் உடைந்ததன்று. அதற்கு முன் அந்தக் கணினியை யாரும் திறந்ததில்லை.

ரிப்பன் முனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து உலரவிட்டேன். தாழின் பிடி குறைந்துவிட்டதை ஈடுசெய்ய, தம்பி சொன்னபடி ரிப்பனின் மின்முனைகள் இல்லாத பக்கத்தில் மெல்லிய நாடாவைச் சரியாக வெட்டி ஒட்டி, முனையைச் சற்றுத் தடிமனாக்கினேன். பிறகு இருபுறமும் சமமாக நுழையும்படி நேராகச் செருகி, மிச்சமிருந்த தாழை மெல்ல மூடினேன். எட்டு விசைகளும் விழித்துக்கொண்டன. மூன்று மாதமாகிறது.

எல்லா மாடலிலும் இப்படிச் செய்துவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். புதிய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் விசைப்பலகை மேற்சட்டத்தோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அதை மாற்றச் சட்டத்தையே மாற்ற வேண்டி வரும், அங்கே கடை உதவி தேவைதான். மின்கலம் உப்பி விசைப்பலகை மேலெழும்பியிருந்தால் எதையும் நெம்பவே கூடாது. கடைக்குக் கொடுப்பதானால், கொடுக்கும் முன் அடிமூடியையும் வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றப்போகும் பாகங்களின் பெயரையும் விலையையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய பாகம் திரும்ப வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் அதைப் பணம் கொடுக்கும்போதுதான் கேட்டேன்.

படங்களோடு கடைக்குப் போனபோது, நானே திறந்துவிட்டதால் உத்தரவாதம் போய்விட்டது என்றார்கள். சற்றுக் குரல் உயர்ந்ததும் ரூ. 2,000 தருவதாகச் சொன்னார்கள், வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உரிய ரசீது கொடுக்காமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செலுத்திய தொகை ரூ. 5 லட்சம் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். உதவி எண் வழியாகத் தீர்வு வராததால் மனுவைத் தயாரித்திருக்கிறேன். இணைப்பாகத் துண்டுச் சீட்டும், தூசி படிந்த சிப்பின் படமும், 2016 என்ற சீட்டின் படமும், கோணலாய் ஒட்டிய அந்த ழவின் படமும் இருக்கின்றன.