அழகாபுரத்துப் பூக்கடை: விலை ஏறினாலும் முழம் குறையவில்லை

சேலத்தில் பூ வாங்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், மல்லி விலை ஏறுகிற நாளில் முழமும் சேர்ந்து சுருங்கும். முழங்கையில் தொடங்க வேண்டிய அளவு இரண்டு விரல் தள்ளித் தொடங்கும், கட்டும் தள்ளித் தள்ளி விழும், வீட்டுக்கு வந்து தலையில் வைக்கும்போதுதான் பூவுக்கும் பூவுக்கும் நடுவே நார் தெரியும். அழகாபுரத்தில் நாங்கள் வாங்குகிற சின்னக் கடையில் இது நடப்பதில்லை, அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடை என்றால் ஒரு மரப்பலகை, மேலே ஒரு பெரிய குடை, ஈரச் சாக்கு போட்டு மூடிய கூடைகள், அவ்வளவுதான். பலகையின் விளிம்பில் சிவப்பு பெயிண்டில் இரண்டு கோடு போட்டிருக்கிறார், நடுவில் ஒன்றரை அடி. கடைக்கார அக்கா சரத்தை இழுத்துப் பிடிக்காமல் பலகைமேல் படுக்கவிட்டு, கோட்டைத் தாண்டி ஒரு கண்ணி விட்டுத்தான் நறுக்குகிறார். வாங்குகிறவர் கண்ணெதிரே நடக்கிறது, யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் பனியில் குண்டுமல்லி வரத்து குறைந்து, தை முகூர்த்தமும் சேர்ந்து விலை எங்கேயோ போய்விடும், அந்த நாட்களிலும் கோடு அதே கோடுதான். விலையைத்தான் ஏற்றுகிறார். "இன்னைக்கு மல்லி ஏறிப்போச்சு கண்ணு, அரை முழம் எடுத்துக்கோ, கூட முல்லை சேர்த்து வச்சுக்கறியா?" என்று அவரே கேட்பார். இப்படிக் கேட்கிற கடையை விட்டு யார் வேறு கடைக்குப் போவார்கள்?

சின்னப் பூக்கடைக்கு விளம்பரம் எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், கார்டு அடிக்கலாமா, ரீல்ஸ் போடலாமா என்று. இந்த அக்கா செய்வது ஒன்றே ஒன்று. விடியற்காலையில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து முடித்ததும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அன்றைய விலையைக் குரலில் சொல்லிவிடுகிறார்: குண்டுமல்லி முழம் இவ்வளவு, கனகாம்பரம் இவ்வளவு, சம்பங்கி கால் கிலோ இவ்வளவு, அரளி பனமரத்துப்பட்டியிலிருந்து புதுசாக வந்திருக்கிறது, சாமந்தி இன்றைக்குச் சுமார்தான், வேண்டாம். அந்த 'வேண்டாம்' இருக்கிறதே, அதுதான் என்னை இந்தக் கடையின் வாடிக்கையாளர் ஆக்கியது. தன் கூடையில் இருக்கிற சரக்கையே வாங்காதே என்று சொல்பவர், நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது யோசிக்காமல் வாங்கிவிடலாம்.

மாதச் சந்தாவும் உண்டு. பூஜைக்கு உதிரிப்பூ, ஒரு சின்னச் சரம், வாழை இலையில் மடித்து நாரில் கட்டி, காலையில் கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறார் அவர் மகன். செவ்வாய், வெள்ளியில் கொஞ்சம் கூடுதலாக வரும். ஊருக்குப் போகிறோம் என்று முந்தின ராத்திரியே சொல்லிவிட்டால் அந்த நாளுக்குக் காசு கிடையாது, மாதக் கடைசியில் கழித்துத்தான் கேட்கிறார். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை இருந்தும் இன்னும் எத்தனையோ கடைகளில் அதில்தான் போட்டுத் தருகிறார்கள், பூவும் உள்ளேயே வேர்த்துப் பழுத்துவிடுகிறது. இலையில் வந்த மல்லி அரும்பு சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக மலர்கிறது.

மாலை விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வேறொரு பெரிய கடையில், பெயர் வேண்டாம், இணையத்தில் போட்டிருந்த படத்தைக் காட்டி மாலை சொல்லியிருந்தோம். படத்தில் கொழுகொழுவென்று இருந்த சம்பங்கி மாலை, கையில் வந்தபோது பாதி கனம்கூட இல்லை, நடுவில் வைத்த ரோஜாவின் ஓரம் கறுத்திருந்தது. மண்டபத்தில் நின்றுகொண்டு யாரிடம் சண்டை போடுவது? இந்த அக்கா வேறு மாதிரி. மாலை கட்டி முடித்ததும் டியூப்லைட் வெளிச்சத்தில், அளவு தெரிய தன் கையைப் பக்கத்தில் வைத்து, நமக்குப் போகிற அதே மாலையைப் படம் எடுத்து அனுப்புகிறார். படம் அழகாக இருக்காது, மாலை அப்படியே வரும். தங்கை வளைகாப்புக்கு அப்படித்தான் வாங்கினோம், எல்லோரும் எந்தக் கடை என்று கேட்டார்கள்.

குறைகளும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் டெலிவரி தாமதமாகிறது, ஒரே வண்டி, ஒரே பையன், அவனும் காலேஜ் போக வேண்டும். ஆபீஸுக்குக் கிளம்புகிறவர்கள் அன்றைக்கு நேரில் போய் வாங்கிக்கொள்வது நல்லது. மேடை அலங்காரம், கார் அலங்காரம் எல்லாம் இங்கே கிடையாது, கேட்டால் வேறொருவரைக் கைகாட்டிவிடுவார். பொக்கே கட்டித் தருகிறார்தான், ஆனால் அது அவருக்குக் கைவந்த வேலை இல்லை, ரோஜாவைச் சுற்றிப் பச்சை இலையை இறுக்கிச் சுற்றுவதில் பூ மூச்சுத் திணறி நிற்கிறது. சரமும் மாலையும் வாங்குங்கள், பொக்கே வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் என்னவென்றால், இவ்வளவு நல்ல கடை கூகுள் மேப்பில் இல்லை. காசே இல்லாமல் சேர்த்துவிடலாம், கடை திறக்கும் நேரமும் பலகையின் படமும் போட்டால் போதும், புதிதாகக் குடிவந்தவர்கள் 'பக்கத்தில் பூக்கடை' என்று தேடித்தான் வருகிறார்கள். மகனிடம் சொல்லியிருக்கிறேன், செய்கிறேன் என்றான். இன்னொன்று, கல்யாண அலங்காரம் செய்கிற பியூட்டி பார்லர்காரர்களிடம் பேசி வைக்கச் சொன்னேன், ஜடைக்குப் பூ எங்கே வாங்குவது என்று மணப்பெண் வீட்டார் முதலில் கேட்பது அவர்களைத்தான். பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்த நாட்களை ஒரு வாரம் முன்பே ஸ்டேட்டஸில் போட்டு, மாலை வேண்டியவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்றால் ஆர்டரும் வரும், கடைசி நேர ஓட்டமும் குறையும்.

ஆடியில் மட்டும் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கிவிட்டால் ஊரில் இருக்கிற மாரியம்மன் கோயில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பூ போகிறது, அரளியும் சம்பங்கியும் மார்க்கெட்டுக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அந்த வாரத்துக்கு மாலை வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள், அன்றைக்குக் காலையில் போய் நின்றால் அக்காவால் ஒன்றும் செய்ய முடியாது.