ரன்-ஃபிளாட்டில் 41,000 கிலோமீட்டர், சாதாரண டயரில் 48,000

2017 டிசம்பரில் நாங்கள் வாங்கிய ஜெர்மன் செடானில் ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கியும் கிடையாது. டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினால் பாட்டரிதான் இருக்கும். நான்கு சக்கரங்களிலும் 225/50 ஆர்17 அளவில் ரன்-ஃபிளாட் டயர்கள். 2021 ஏப்ரலில் அவற்றைக் கழற்றிவிட்டுச் சாதாரண ட்யூப்லெஸ் டயர்களுக்கு மாறினேன். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு தூரம் ஓட்டியாகிவிட்டது என்பதால் இதை எழுதுகிறேன்.

சாதாரண டயரில் வண்டியின் பாரத்தைச் சுமப்பது உள்ளே இருக்கும் காற்று. ரன்-ஃபிளாட்டில் பக்கச்சுவரைத் தடித்த ரப்பரால் வலுப்படுத்தியிருப்பார்கள். காற்று முழுவதும் இறங்கினாலும் அந்தச் சுவரே பாரத்தைத் தாங்கும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. காற்று இறங்கியது ஓட்டுபவருக்கே தெரியாமல் போகக்கூடும் என்பதால் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி இல்லாத வண்டியில் இதைப் போடவே கூடாது.

அந்த 80 கிலோமீட்டரின் அருமையை 2019-இல் ஒரு மாலை நேரில் கண்டேன். மகள் அப்போது மைசூரில் படித்துக்கொண்டிருந்தாள். கோவையிலிருந்து சத்தியமங்கலம், பண்ணாரி வழியாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆசனூரைத் தாண்டியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இருபுறமும் புலிகள் காப்பகக் காடு. கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் வந்து நிற்கும் பகுதி அது. பின் இருக்கையில் அம்மா. இறங்கிப் பார்க்கவே இல்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு சாம்ராஜ்நகர் வரை போய்ச் சேர்ந்தேன். அன்று அந்த டயர் எங்களைக் காப்பாற்றியது என்பதை எப்போதும் சொல்வேன்.

ஆனால் கதை சாம்ராஜ்நகரில் முடியவில்லை. டயர்க் கடைக்காரர் கழற்றிக் காட்டினார்: சாலையில் படும் மிதிபரப்பில் ஓர் ஆணி, சிறிய துளை. சாதாரண டயராக இருந்து உடனே நிறுத்தியிருந்தால் பதினைந்து நிமிடப் பஞ்சர் வேலை. இதிலோ, காற்றில்லாமல் ஓடியதில் பக்கச்சுவர் உள்ளுக்குள் அரைபட்டு, கைப்பிடி அளவுக்குக் கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டியது. "இதற்குப் பஞ்சர் போட்டுக் கொடுக்க மாட்டேன், சார். மறுபடி நீங்கள் இதை நம்பி ஓட்டக் கூடாது" என்று மறுத்துவிட்டார். வருமானத்தை விட்டுவிட்டு அப்படிச் சொன்ன மனிதர்மேல் எனக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. அவரிடம் அந்த அளவில் ரன்-ஃபிளாட் இல்லை. அக்கம்பக்கத்துக் கடைகளிலும் இல்லை. வண்டியை மீட்பு லாரியில் ஏற்றி மைசூர் கொண்டுபோய், இரண்டு நாள் காத்திருந்து, ஒரே டயருக்கு 22 ஆயிரம் ரூபாய் கொடுத்தேன்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. 80 கிலோமீட்டர் ஓடும் என்பதோடு, அந்தத் தூரத்தின் முடிவில் உங்கள் அளவு டயர் விற்கும் கடை இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடை கிடைக்கும். ரன்-ஃபிளாட் இருப்பு வைத்திருக்கும் கடை பெருநகரங்களில்தான்.

நகரச் சாலைகளில் வேறொரு தொல்லை. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களில், வளைந்து கொடுக்காத பக்கச்சுவர் அடியை அப்படியே ரிம்முக்குக் கடத்தும். ரன்-ஃபிளாட்டில் ஓட்டிய மூன்றரை ஆண்டுகளுக்குள் ஒரு ரிம் நெளிந்தது. இரண்டு டயர்களின் பக்கவாட்டில் முட்டை அளவுக்குப் புடைப்பு வந்தது. புடைப்பு வந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். மாற்றியே ஆக வேண்டும். சாதாரண டயரில் இதுவரை நெளிவும் இல்லை, புடைப்பும் இல்லை. என் ஒரே வண்டியின் கணக்குதான் இது. ஆனாலும் அம்மா இப்போது முதுகுக்குத் தலையணை கேட்பதில்லை.

மாற்றியபோது ஒன்றுக்கு 13 ஆயிரம் ஆனது. நான்கையும் சேர்த்தே மாற்றினேன். இரண்டு வகையைக் கலந்து போடக்கூடாது. டயர் தாங்கும் எடையையும் வேகத்தையும் சொல்லும் பாரக் குறியீடும் வேகக் குறியீடும் பழைய டயருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். கூர்மையான வளைவுகளில் ஸ்டியரிங் முன்புபோல் சட்டென்று பதில் சொல்வதில்லை; ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகாதது டிக்கிதான். ஒல்லியான ஸ்டெப்னி ஒன்றும் ஜாக்கியும் வாங்கி வைத்ததில் பாதி இடம் போய்விட்டது.

காற்றழுத்தக் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதியையே திருத்திவிட்டார்கள். நான் அதை நம்பிக் கிளம்புவதில்லை. கிட்டில் உள்ள திரவம் மிதிபரப்பின் சிறு துளையைத்தான் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. பெருந்துறை அருகே இரவு பதினொரு மணிக்கு எங்களுக்குக் கிழிந்தது பக்கச்சுவர்தான். மனைவி டார்ச் பிடிக்க, லாரிகள் உரசிப் போக, 25 நிமிடம் சாலையோரத்தில் குந்தியிருந்தேன். பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைத்தும் பயம் போகவில்லை. ரன்-ஃபிளாட்டாக இருந்திருந்தால் பெரும்பாலும் இறங்கியிருக்கவே வேண்டாம். இதை மறைத்துச் சாதாரண டயரைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

சாதாரண டயரில் வந்த மற்ற இரண்டு பஞ்சர்களும் வேறு மாதிரி. காற்று மெல்ல இறங்கும்போதே விளக்கு எரிந்துவிட்டது. காற்றடித்துக்கொண்டு கடைவரை ஓட்டிப்போய் உட்புறமிருந்து ஒட்டிக்கொண்டேன். ரன்-ஃபிளாட்டின் பெருமையில் பாதி அந்த விளக்குக்குச் சேர வேண்டும். அது இரண்டு வகை டயருக்கும் பொது.

அடுத்த செட்டும் சாதாரண டயர்தான். தனியாக, இரவில், ஆளில்லாத சாலைகளில் அடிக்கடி ஓட்டுபவர் கேட்டால் ரன்-ஃபிளாட்டையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்; ஆனால் வழக்கமாகப் போகும் வழியில் உள்ள மூன்று கடைகளுக்கு முதலில் போன் செய்து, உங்கள் அளவு இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் படிக்கச் சொல்லுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதிகம் விற்காத அளவுகள் கடையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.