அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு: பிரீமியத்தை எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை, அம்மாவுக்குப் பிரஷர். இருவருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு வந்த முதல் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "இதைக் கட்டுறதுக்கு நான் சீக்கு வராமலேயே இருந்துக்கிறேன்."

சரி, குறைக்க வழி பார்ப்போம் என்று இறங்கினால் நான்கு விதமான பாலிசிகள் முன்னால் வந்து நின்றன. தொகைகளை உருட்டிச் சொல்கிறேன். ஊர், வயது, நோயைப் பொறுத்து உங்களுக்கு மாறும். எந்தப் பிடித்தமும் இல்லாத முழு பாலிசி மாதம் 6,000 ரூபாய். ஒவ்வொரு க்ளெய்மிலும் 30 சதவீதம் நாம் கட்டும் கோ-பே பாலிசி 4,200. வருடத்தில் முதல் ஒரு லட்சத்தை நாமே கட்டும் டிடக்டிபிள் பாலிசி 4,000. அறை வாடகைக்கு வரம்பு வைத்த 5 லட்ச ரூபாய் பாலிசி 3,900.

மாதக் கணக்கில் பார்த்தால் கடைசி மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் ஆஸ்பத்திரி பில் வரும்போதுதான்.

முதலில் சின்ன பில். டெங்கு காய்ச்சல், நான்கு நாள், 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோ-பே பாலிசியில் நம் பங்கு 18,000. டிடக்டிபிளில் 60,000 முழுவதும் நம் கையிலிருந்து. இங்கே கோ-பேதான் ஜெயிக்கிறது. இந்த உதாரணத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஏஜென்ட்கள் உண்டு.

அடுத்து பைபாஸ் ஆபரேஷன், 6 லட்சம். கோ-பேயில் நம் பங்கு 1,80,000. டிடக்டிபிளில் அதே ஒரு லட்சம்தான், பில் 9 லட்சம் ஆனாலும் ஒரு லட்சம்தான். இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 3,33,000 ரூபாய் பில். அதற்குக் கீழே கோ-பே லாபம், மேலே டிடக்டிபிள். இன்ஷூரன்ஸ் எடுப்பதே மேலே போகிற பில்லுக்காகத்தான் என்பது என் கட்சி. 60,000 ரூபாயை நகையை வைத்தாவது புரட்டிவிடலாம். அதைவிட, நம் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவது பெரிய நிம்மதி. கோ-பேயில் பில் ஏற ஏற நம் பங்கும் ஏறும்.

டிடக்டிபிளில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒரு லட்சம் வருடத்துக்கா, ஒவ்வொரு அட்மிஷனுக்கும் தனித்தனியா? ஒரு தொகைக்கு மேலே போகிற பில்லை மட்டும் ஏற்கும் பாலிசிகளான டாப்-அப்புக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். மார்ச்சில் 2,50,000, ஆகஸ்டில் 4 லட்சம் என்று இரண்டு பில் வந்தால், சூப்பர் டாப்-அப்பில் வருடம் முழுக்க ஒரே ஒரு லட்சம். வெறும் டாப்-அப்பில் ஒவ்வொரு தடவையும் ஒரு லட்சம்.

அதற்காகக் கோ-பேயை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. சர்க்கரை, பழைய ஸ்டென்ட் என்று சொன்னதும் மற்ற இடங்களில் கதவு சாத்தப்படும்போது திறந்திருப்பது பெரும்பாலும் இந்தக் கதவுதான். ஸ்டார் ஹெல்த்தின் சீனியர் சிட்டிசன்ஸ் ரெட் கார்பெட் பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பங்கு 30 சதவீதம், ஆனால் முன்பரிசோதனை இல்லாமல் எடுக்கலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு (அதுவரை அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காது) 12 மாதம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 36 மாதம் வரை அனுமதிக்கும் இடத்தில் இது பெரிய சலுகை. 65 வயது வரை என்று இருந்த கட்டாயம் போய், எல்லா வயதினருக்கும் கம்பெனிகள் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விதி மாறிவிட்டது. அதற்காக, விண்ணப்பித்த எல்லோருக்கும் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை.

அடுத்து, நான்கில் விலை குறைந்தது. என்னைக் கேட்டால் தொடவே கூடாதது அதுதான். சித்தப்பா கதையைச் சொன்னால் புரியும்.

அவர் பாலிசி 5 லட்சம், அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கூட இருப்பவர் படுக்க ஒரு கட்டில் வேண்டுமே என்று சித்தி 8,000 ரூபாய் அறையை எடுத்தார். நாளுக்கு 3,000 அதிகம், ஐந்து நாளைக்கு 15,000 போகட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுன்டரில் கேட்டது 90,000. எட்டாயிரத்தில் ஐயாயிரம்தான் தகுதி என்பதால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாமாக வந்த இரண்டு லட்சத்திலும் எட்டில் ஐந்து பங்குதான் கொடுத்தார்கள். அங்கே போனது 75,000, வாடகையில் 15,000. கம்பெனி ஏமாற்றவில்லை, பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. மருந்து, உள்ளே வைக்கும் பிளேட், பரிசோதனைச் செலவு ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது என்று விதி இருப்பதால் அந்த மட்டில் தப்பித்தார். கட்டிலுக்காக 90,000 கொடுத்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

இன்னொரு 'குறைப்பு' உண்டு. "சுகர் எல்லாம் எதுக்கு சார் எழுதிக்கிட்டு, பிரீமியம் ஏறிடும்" என்றார் ஒரு ஏஜென்ட். பாலிசி ஓடி 60 மாதம் முடியும்வரை, நோயை மறைத்ததாகச் சொல்லி க்ளெய்மை நிராகரிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் 'சர்க்கரை, 12 வருடம்' என்று டாக்டர் எழுதும் ஒரு வரி போதும். அந்த ஏஜென்ட்டின் நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

மாதத் தவணை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 72,000 ரூபாயை 6,000 ஆக்கிக் காட்டினால் விலை குறைந்துவிடாது. நடுவில் க்ளெய்ம் வந்தால் மீதித் தவணைகளை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும் விதி தவணைப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். கெடு தாண்டினால் மாதத் தவணைக்குச் சலுகை நாள் 15தான். பென்ஷன் வரும் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சொல்வது நல்லது.

நிஜமாகவே விலை குறைந்தது இன்னொரு இடத்தில். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. பழைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் புதிதாகக் கேளுங்கள். அதே வருடம் ஜனவரியில், 60 வயதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

அரசுத் திட்டத்தைப் பார்க்காமல் இதிலெல்லாம் இறங்க வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் 5 லட்சம் வரை உண்டு, பிரீமியமே இல்லை. 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காத மத்திய அரசின் 5 லட்ச ரூபாய்த் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. தனியார் பாலிசி இருந்தாலும் சேரலாம். அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருடம். ஆபீஸ் குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள், வேலை போனால் அதுவும் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

நாங்கள் எடுத்தது டிடக்டிபிள். கையில் ஒரு லட்சம் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கோ-பேதான் சரி. எங்களுக்கு மாதம் 2,000 மிச்சம், வருடத்துக்கு 24,000, நான்கு வருடத்தில் ஏறத்தாழ அந்த ஒரு லட்சமே வந்துவிடும். அதுவரைக்கும் ஒரு லட்ச ரூபாயை அம்மா பெயரும் சேர்ந்த ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு, ரசீது பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று இருவருக்கும் காட்டிவைத்தேன்.

பிடிக்கவில்லை என்றால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. அப்பா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படிக்கிறார். இன்று பன்னிரண்டாவது நாள். கண்புரைக்கு இரண்டு வருடக் காத்திருப்பு என்ற வரியில் வந்து நிற்கிறார்.