மூணு செமஸ்டர் மூடில் (Moodle) சாஃப்ட்வேர்ல பாடம் நடத்தின அனுபவம்: ஆன்லைன் வாத்தியார்களுக்கு ஒரு ரிவ்யூ

ஆன்லைன்ல டிகிரி படிக்கிறவங்களுக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கறேன். கிளாஸ்ல பாதிக்கு மேல வேலைக்குப் போறவங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில கணக்கு பார்க்கறவர், ஓசூர்ல ஷிஃப்ட்ல இருக்கறவர், கைக்குழந்தைய மடியில போட்டுக்கிட்டு கேக்கற ஒரு பொண்ணு, இப்படி. முதல் ரெண்டு வருஷம் நான் செஞ்சது என்னன்னா ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் லைவ் கிளாஸ், அதோட ரெக்கார்டிங் லிங்க்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவேன், அசைன்மென்ட்ட அவங்க ஃபோட்டோ எடுத்து அனுப்புவாங்க, நான் ஃபோன்ல பெருசு பண்ணிப் பார்த்து திருத்துவேன். நல்லாத்தான் போகுதுன்னு நம்பிட்டு இருந்தேன். இன்டர்னல் பேப்பர் கைக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது, ஆவரேஜ் எப்ப எடுக்கணும் மீடியன் (வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற மதிப்பு) எப்ப எடுக்கணும்னே நிறைய பேருக்குப் பிடிபடல. ராத்திரி பத்து மணிக்கு மேல தூக்கத்த விட்டு, சொந்தச் சம்பளத்துல ஃபீஸ் கட்டிப் படிக்கறவங்க இவங்க. ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

அப்புறம்தான் எங்க காலேஜ்ல மூடில் போட்டாங்க. இது வரைக்கும் மூணு செமஸ்டர் முழுசா இதுல நடத்திட்டேன், அதனால தைரியமா எழுதலாம்னு உக்காந்தேன்.

தெரியாதவங்களுக்கு: மூடில்ங்கறது ஆன்லைன் வகுப்பு நடத்தறதுக்கான இலவச சாஃப்ட்வேர். யார் வேணா எடுத்து சொந்த சர்வர்ல போட்டுக்கலாம். ஆஸ்திரேலியால பெர்த் நகரத்துல இருந்து மார்ட்டின் டூஜியாமஸ்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, 2002ல முதல் வெர்ஷன் வந்துச்சு. அவர் சின்ன வயசுல மேற்கு ஆஸ்திரேலியா பாலைவனப் பக்கம் வளர்ந்தவர், அவருக்குப் பள்ளிக்கூடமே ரேடியோலதான் நடந்துச்சு. தூரத்துல இருக்கற பிள்ளைக்கு வாத்தியாரோட குரல் மட்டும் போய்ச் சேர்ந்தா போதாது, அந்தப் பிள்ளை எதாவது செஞ்சு திருப்பி அனுப்பணும்ங்கற எண்ணம் இந்த சாஃப்ட்வேர்ல மூலைக்கு மூலை தெரியுது. ஃபைல் போட்டு வைக்கற அலமாரியா மட்டும் இத வெச்சிருக்கற காலேஜ் நிறைய இருக்கு, அது ரொம்ப வீண்.

எனக்கு இதுல உசுரு குவிஸ்தான். அதுல கால்குலேட்டடுன்னு ஒரு கேள்வி வகை இருக்கு. எண்ணுக்கு பதிலா அடைப்புக்குறிக்குள்ள ஒரு எழுத்த வெச்சு கேள்வி எழுதிட்டு விடைக்கு ஃபார்முலா குடுத்துட்டா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற எண் விழும். பனியன் பீஸோட சராசரி எடை இவ்ளோ, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எடை எவ்ளோ சிதறியிருக்குங்கற அளவு) இவ்ளோ, இந்தப் பீஸோட இசட் ஸ்கோர் (சராசரில இருந்து எத்தன ஸ்டாண்டர்ட் டீவியேஷன் தள்ளியிருக்குங்கறது) என்னன்னு கேட்டேன், நூத்திச் சொச்சம் பேருக்கும் எண் மாறி மாறித்தான் போச்சு. விடைய குரூப்ல யாராவது போட்டாலும் பிரயோஜனம் இல்ல, எப்படிப் போடறதுன்னுதான் ஒருத்தர ஒருத்தர் கேட்டாகணும், எனக்கு வேண்டியதும் அதுதான். இன்னொண்ணு, தப்பான விடைக்கும் ஃபார்முலா எழுதி வைக்கலாம். சராசரில இருந்து மதிப்பக் கழிச்சுட்டாங்கன்னா மைனஸ் மாறி வரும் இல்லையா, அந்தத் தப்பு விடைய ரெண்டாவது விடையா குடுத்து பக்கத்துலயே "கழிச்ச வரிசை மாறிடுச்சு பாருங்க, மதிப்புல இருந்து சராசரியக் கழிக்கணும்"னு எழுதி வெச்சேன். தப்புப் பண்ணின அந்த நிமிஷமே, ராத்திரி பதினோரு மணி ஆனாலும், அவங்களுக்கு அந்த வரி போய்ச் சேர்ந்துடும். முன்னாடி இதே விஷயத்த திருத்தி அனுப்ப எனக்கு பத்து நாள் ஆகும், அதுக்குள்ள அவங்க கேள்வியையே மறந்திருப்பாங்க.

மார்க் கம்மியா வெச்சு வாரா வாரம் குவிஸ் வைக்கறதுதான் நான் செஞ்சதுலயே பெரிய மாற்றம். இது நானா கண்டுபிடிச்சது இல்ல. 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்கள வெச்சு ஒரு சோதனை செஞ்சாங்க, ஒரு பகுதிய திரும்பத் திரும்பப் படிச்சவங்க ஒரு பக்கம், படிச்சத நினைவுல இருந்து எழுதிப் பார்த்தவங்க இன்னொரு பக்கம். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, ஆனா ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதிப் பார்த்தவங்க தாண்டிட்டாங்க. நம்ம பசங்க ரெக்கார்டிங்க ரெண்டு தடவ பார்த்துட்டு "புரிஞ்சுடுச்சு மேடம்"னு சொல்றது அந்த அஞ்சு நிமிஷ நம்பிக்கைதான். அதனால போன வாரப் பாடத்துல இருந்து ரெண்டு கேள்வி, அதுக்கு முந்தின மாசத்துல இருந்து ஒரு கேள்வின்னு கலந்து போடறேன், கொஸ்டின் பேங்க்ல தலைப்பு வாரியா பிரிச்சு வெச்சிருந்தா மூடிலே அதுல இருந்து எடுத்துக் குடுத்துடும்.

வீடியோவும் சுருக்கிட்டேன். எட்எக்ஸ்ங்கற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல பிலிப் குவோங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 69 லட்சம் தடவ வீடியோ பார்த்த பதிவுகள அலசி 2014ல ஒரு கட்டுரை போட்டாங்க, வீடியோ எவ்ளோ நீளமா இருந்தாலும் மீடியன் கணக்குல ஆளுங்க உக்காந்து பார்க்கறது 6 நிமிஷத்தத் தாண்டலன்னு. என் ரெண்டு மணி நேர ரெக்கார்டிங்க நெனச்சுப் பார்த்தேன். இப்ப ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ, வீடியோக்குள்ள கேள்வி சேர்க்கற எச்5பிங்கற (H5P) வசதில நடுவுல நிறுத்தி ஒரு கேள்வி கேக்கும், அவ்ளோதான். லைவ் கிளாஸ் ஒரு மணி நேரம்தான், அதுல புதுப் பாடம் எடுக்கறதே இல்ல, குவிஸ்ல எந்தக் கேள்வில நிறைய பேர் விழுந்தாங்களோ அத மட்டும் எடுத்து போர்டுல போட்டுப் பேசறோம்.

டிஸ்கஷன்ல "கேள்வி பதில்"னு ஒரு வகை இருக்கு, அத கட்டாயம் பயன்படுத்துங்க. நீங்க உங்க பதில போடாம மத்தவங்க பதில் தெரியாது, போட்டதுக்கப்புறமும் திருத்தற நேரம் அரை மணி முடிஞ்சாதான் தெரியும். சாதாரண டிஸ்கஷன்ல முதல் ஆள் எழுதினதையே மாத்தி மாத்தி எழுதுவாங்க, இதுல முடியாது. ஒரு வாரம் அவங்க வேலை பார்க்கற இடத்துல இருந்து ஒரு சராசரிய எடுத்துட்டு வாங்க, அது எதை மறைக்குதுன்னு எழுதுங்கன்னு சொன்னேன். சம்பள சராசரி பத்தி, டெலிவரி நேரம் பத்தின்னு தமிழ்லயே நீளமா எழுதினாங்க. லைவ் கிளாஸ்ல ஒரு நாளும் மைக் ஆன் பண்ணாத பொண்ணு மூணு பத்தி எழுதியிருந்துச்சு, படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

வொர்க்‌ஷாப்புன்னு ஒண்ணு இருக்கு, பசங்களே ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் திருத்தறது. எழுதினதுக்கு 80, மத்தவங்கள திருத்தினதுக்கு 20ன்னு மார்க் பிரியும், வேணும்னா மாத்திக்கலாம். நல்ல வசதி, ஆனா அஞ்சு கட்டமா நடத்தணும், முதல் செமஸ்டர்லயே தொடாதீங்க.

அடுத்தது ஆள் காணாமப் போறது, ஆன்லைன் கிளாஸ்ல பெரிய நோயே அதுதான். கிளாஸ்ரூம்ல காலி பெஞ்ச் கண்ணுல படும், இங்க படாது. மூடில்ல யார் எத்தன நாளா உள்ள வரலன்னு வடிகட்டிப் பார்க்கலாம், நான் புதன்கிழமை தோறும் பார்த்து, ஒரு வாரமா வராதவங்களுக்கு நானே ஃபோன் பண்றேன். ஒரு தடவ ஒரு பையன், "மேடம், நைட் ஷிஃப்ட் போட்டுட்டாங்க, விட்டுடலாம்னு இருக்கேன்"னான். "தம்பி, ஆப்ல பாடத்த டவுன்லோட் பண்ணிக்கோ, கம்பெனி பஸ்ல நெட் இல்லாம பாரு, குவிஸ் மட்டும் ஞாயித்துக்கிழமை போடு"ன்னேன். செமஸ்டர முடிச்சுட்டான். சாஃப்ட்வேர் பேர காட்டிக் குடுக்கும், ஃபோன் நாமதான் பண்ணணும்.

குறைன்னா, செட்டிங்ஸ் ரொம்ப அதிகம். ஒரு குவிஸ் போடவே பக்கம் பக்கமா ஆப்ஷன் வரும், மார்க் கூட்டற கிரேட்புக்கப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு லீவு முழுசா போச்சு. அசைன்மென்ட் வாங்கித் திருத்திக் குடுத்தா போதும்னு இருக்கறவங்களுக்கு கூகுள் கிளாஸ்ரூமே போதும், மெனக்கெட வேணாம். சாஃப்ட்வேர் இலவசம்னாலும் சர்வருக்குக் காசு ஆகும், பேக்கப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். நாங்க முதல்ல எடுத்த ஹோஸ்டிங்ல, ஒரு ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் ஒண்ணா டெஸ்ட்டுக்கு நுழைஞ்சதும் சைட் நின்னு போச்சு, பசங்க பதறிப் போய் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அதுல இருந்து டெஸ்ட்ட ரெண்டு நாள் திறந்து வெச்சு, ஆரம்பிச்சா நாப்பது நிமிஷம்னு வைக்கறேன். சர்வரும் தாங்குது, ஷிஃப்ட்ல இருக்கறவங்களுக்கும் வசதியா இருக்கு.

5க்கு 4.5 குடுப்பேன், அந்த அரை மார்க் கிரேட்புக்குக்காக. காலேஜ்ல இன்னும் போடலன்னா மூடிலோட சாண்ட்பாக்ஸ் டெமோ சைட் இருக்கு, டீச்சரா உள்ள போய் ஒரு குவிஸ் செஞ்சு பாருங்க. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அது எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாயிடும், அதனால எழுதின கேள்விகள அதுக்கு முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்து வெச்சுக்கங்க.