மகனா, உதவிப் பாஸ்டரா, வெளியாளா? எல்லையோரத் தனிச்சபைகளில் பொறுப்பு கைமாறும்போது

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளை, கேரள எல்லையிலுள்ள பாறசாலை வட்டாரத்துச் சி.எஸ்.ஐ. சேகரங்களில் அடுத்த பாஸ்டர் யார் என்ற கேள்விக்கு இடமில்லை. பேராயம் மாற்றல் போட்டால் புது ஐயர் (போதகர்) வந்துவிடுவார். கத்தோலிக்கப் பங்குத்தந்தை 75 வயதில் விலகல் கடிதம் தரவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 538. எந்தப் பேராயத்துக்கும் கீழ் வராத தனிச்சபையிலோ பாஸ்டர் படுக்கையில் விழும்வரை யாரும் வாய் திறப்பதில்லை.

மகன் என்றால் சபையார் உடனே தலையாட்டுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளை, பாஸ்டரம்மாவும் வீட்டைக் காலிசெய்ய வேண்டாம். அழைப்பு இருக்கிறதா என்று கேட்கத்தான் ஆளிருக்காது. தீர்க்கதரிசி சாமுவேலின் பிள்ளைகளே பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள் (1 சாமுவேல் 8:3). அதைவிடப் பெரிய சிக்கல் நிலம். ஆராதனை மண்டபம் நிற்கும் 12 சென்ட் பாஸ்டரின் சொந்தப் பெயரில் இருந்து, உயில் எழுதாமல் அவர் இறந்தால், 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 சென்ட். மீதி 8 சென்ட் பிள்ளைகளுக்குச் சமமாக. நாலு பிள்ளைகள் என்றால் புது பாஸ்டரான மகனுக்கு வெறும் 2 சென்ட்! மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபிறகு, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று திருவிதாங்கூர்ப் பழக்கம் பேச முடியாது. ஆகவே அப்பா இருக்கும்போதே நிலத்தைச் சபை டிரஸ்டின் பெயருக்கு எழுதவேண்டும். பாறசாலைப் பக்கம் ஆதாரம் (பத்திரம்) பதிந்தால் போதாது. வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து கரம் (நிலவரி) கட்டிய ரசீதும் வேண்டும். களியக்காவிளைப் பக்கம் பட்டா மாற்றம்.

உதவிப் பாஸ்டரை உயர்த்துவதே எங்கள் தேர்வு. ஆனால் இரண்டு வருஷம் பிடிக்கும். முதல் ஆறு மாதம் ஒன்றுவிட்ட ஞாயிறு பிரசங்கம். அடுத்து திருவிருந்து, ஞானஸ்நானம், அடக்க ஆராதனை. கடைசி வருஷம் கணக்கும் கமிட்டியும். பெரும்பாலும் கோளாறு வருவது இந்தக் கடைசிப் படியில்தான்: பிரசங்கத்தை விட்டுக்கொடுத்த பெரியவர் செக் புக்கை விடமாட்டார். மோசே தன் கனத்தில் (அதிகாரத்தில்) கொஞ்சத்தை யோசுவாவுக்குக் கொடுத்தது (எண்ணாகமம் 27:20) சபையார் எல்லாரும் பார்க்க. இங்கேயும் காணிக்கை எண்ணும் மேசையில் சின்னவர் உட்காரவேண்டும், கையெழுத்தும் போடவேண்டும். பொறுப்பு மாறியதும் பெரியவர் மூன்று மாதம் வேறு சபையில் ஆராதிப்பது நல்லது. இல்லாவிட்டால் வீட்டு ஜெபத்துக்கெல்லாம் அவரையே கூப்பிடுவார்கள். அவருக்கு மாதப்படி எவ்வளவு, எந்த வீடு என்பதை முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். கையில் காசில்லாத பெரியவர் பொறுப்பை விடத் தயங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வெளியாள், சபை ஏற்கெனவே இரண்டாகப் பிளந்திருந்தால் மட்டும். மூன்று ஞாயிறு பிரசங்கம் கேட்டு முடிவெடுப்பது அவசரம். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதிப் பாடும் பிள்ளைகள் உள்ள சபைக்கு, மலையாளம் வாசிக்கத் தெரியாதவர் வாலிபர் கூட்டத்தில் திணறிப்போவார்.

மூன்றில் எதுவானாலும் பொதுச்சபைத் தீர்மானம் முதலில், அடுத்து பதிவாளர், பிறகு வங்கி, கடைசியில்தான் கைவைத்து ஜெபம். தமிழ்நாட்டில் 1975 சட்டப்படி பதிந்த சங்கமானால் நிர்வாகிகள் மாற்றத்துக்குப் படிவம் 7. பாறசாலையில் 1955 திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். ஒரு பக்கம் செய்த பதிவு மறுபக்கம் செல்லாது.