‘யாரும் போகலாம்’ என்று காட்டுக்குள் கூட்டிப்போகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

போன மாதம் ஒரு ட்ரெக்கிங் குழுவிடம் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்தேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் இதே வேலையை இன்னும் பல பேர் செய்கிறார்கள்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: “14 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், யாரும் போகலாம்.” தூரம் பொய்யில்லை. எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதைத்தான் போடவே இல்லை, கேட்டதற்கு “கொஞ்சம் ஏத்தம் இருக்கும் சார், அவ்வளவுதான்” என்றார்கள். கைக்கடிகாரம் கடைசியில் காட்டிய ஏற்றம் 900 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892லேயே ஒரு கணக்கு சொல்லிவைத்திருக்கிறார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக இன்னொரு மணி நேரம். அதன்படியே நான்கேகால் மணி நேரத்துக்கு மேல் வருகிறது, அதுவும் நல்ல பாதையில், எங்கேயும் உட்காராமல் நடந்தால். வேரும் வழுக்குப் பாறையும் சாய்ந்த மரங்களுமாகக் கிடந்த அந்தக் காட்டில் எங்களுக்கு ஆனது ஒன்பதரை மணி நேரம்.

வழிகாட்டி என்று வந்த தம்பி அந்தப் பாதையில் அதற்கு முன் நடந்ததே இல்லை. அது தெரிந்ததே பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில்தான். போனை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே நின்றார். எட்டிப் பார்த்தேன், நாங்கள் ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம், நீலப்புள்ளி அந்தப் பக்கம் நிற்கிறது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் அப்படித் தடுமாறும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. காகித வரைபடமோ காம்பஸோ கிடையாது. எங்களோடு வந்த ஓர் அக்காதான் சற்றுத் தள்ளி விழுந்துகிடந்த மரத்தில் ரம்பத்தால் அறுத்த வெட்டைப் பார்த்துவிட்டு, “ஆள் போக வழி விட்டு அறுத்திருக்காங்க, இதுதான் பாதை” என்றார். அவர் சொன்னது சரிதான்.

காட்டுக்குள் வெளிச்சம் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். பதினோரு பேருக்கு ஒரே டார்ச், போன்களில் பாதி செத்துவிட்டன, இறக்கத்தில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. முதலுதவிப் பை? வண்டியில் இருக்கிறதாம்!

பணம் கட்டுவதற்கு முன் மொத்த ஏற்றம் எவ்வளவு, வழிகாட்டி கடைசியாக அங்கே எப்போது நடந்தார், எத்தனை மணிக்கு மேல் போகாமல் திரும்பிவிடுவீர்கள் என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். டார்ச்சும் விசிலும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ரீஃபண்ட் கேட்டேன். “பத்திரமா திரும்பி வந்துட்டீங்களே சார், அப்புறம் என்ன?” என்றார்கள். இப்போது அவர்களுடைய புது விளம்பரத்தில் இருப்பது எங்கள் குழுப் படம், காலையில் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றபோது எடுத்தது.