பெரிய ஒத்திகையா, மேசைப் பயிற்சியா, ராத்திரி மணியா?

ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் அடிபட்டு வந்து இறங்கினால் என்ன செய்வது? இதை மருத்துவமனை ஊழியர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பெரிய ஒத்திகை, மேசைப் பயிற்சி, ராத்திரியில் திடீரென்று வைக்கும் சின்னப் பயிற்சி என மூன்றிலும் நின்றிருக்கிறேன். எந்த மருத்துவமனைக்கும் இதற்கென்று ஒதுக்க முடிகிற நேரமும் பணமும் கொஞ்சம்தான். அதை எதில் போடலாம் என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் இருக்கிறது.

நம்ம பக்கத்தில் இதற்கான தேவை எப்போதும் உண்டு. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் நான்குவழிச் சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்தால் போதும், 50 பேர். வடக்கே போனால் பட்டாசு ஆலைகள். சீசன் நேரத்தில் குற்றாலக் கூட்டம். தெற்கே கூடங்குளம். எல்லாவற்றுக்கும் மேல் நம்ம தாமிரபரணி. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள் போனது. அந்த ஞாயிறு டூட்டிக்கு வந்தவர்களில் சிலர் செவ்வாய்க்கிழமைதான் வீடு திரும்பினார்கள்.

முதலில் பெரிய ஒத்திகை. முந்தின வாரமே தேதி சொல்லிவிடுவார்கள். காலை 11 மணிக்கு நர்சிங் மாணவிகள் 20 பேர் குங்குமத்தைக் கரைத்து நெற்றியிலும் கையிலும் தடவிக்கொண்டு வேனில் வந்து இறங்குவார்கள். இதில் கிடைக்கிற பலன் வேறு எதிலும் கிடைக்காது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கேஷுவாலிட்டியிலிருந்து எக்ஸ்ரே அறைக்குத் திரும்பும் முனையில் ஒரு பீரோ இருந்தது. வருடக்கணக்கில் அந்த வழியாக ஒவ்வொரு ஸ்ட்ரெச்சராகத் தள்ளிப்போன எங்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஒத்திகை அன்று எதிரும் புதிருமாக இரண்டு ஸ்ட்ரெச்சர் வந்து அங்கே மாட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது. மறுநாளே பீரோவை எடுத்துவிட்டார்கள். இடம், வழி, வண்டி நிற்கும் வாசல் இதெல்லாம் உடம்போடு நடந்து பார்த்தால்தான் புரியும். 108 ஆம்புலன்ஸ்காரர்களையும் தீயணைப்புத் துறையையும் முகம் பார்த்துப் பேசுவதற்கும் அதுதான் வாய்ப்பு.

ஆனால் அது மறைப்பதும் நிறைய. காலை 11 மணிக்கு எல்லா டாக்டர்களும் இருப்பார்கள், ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள் தயாராக நிற்பார்கள். நடிக்க வந்த பிள்ளைகளும் வரிசையாக, பெரிய காயம் முதலில், சின்னக் காயம் பின்னால் என்று வருவார்கள். நிஜத்தில் பெரும்பாலும் இது தலைகீழ். நடக்க முடிந்தவர்கள்தான் ஆட்டோவிலும் பைக்கிலும் முதலில் வந்து சேர்வார்கள். இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை வெளியே எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுவர நேரமாகும். அதற்குள் இருக்கிற கட்டிலை எல்லாம் கை சிராய்த்தவர்கள் நிரப்பியிருப்பார்கள். ஒழுங்கான வரிசையில் பழகியவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் திணறிப்போவார்கள்.

அப்புறம் மேசைப் பயிற்சி. செலவே கிடையாது. எங்கள் சூப்பிரண்டெண்டெண்ட் மேடம் ஒரு சார்ட் பேப்பரில் மருத்துவமனையின் வரைபடம் போட்டு, 40 புளியங்கொட்டைக்கு நெயில் பாலிஷ் தீட்டிக் கொண்டுவந்தார். அடிபட்டு வருகிறவருக்குக் கட்டும் அட்டையின் நிறங்கள்தான் இவை: சிவப்பு உடனே பார்க்க வேண்டியவர், மஞ்சள் கொஞ்சம் பொறுக்கக் கூடியவர், பச்சை நடக்கக் கூடியவர். கொட்டைகளை அள்ளி வாசலில் கொட்டிவிட்டுக் கேட்டார்: "இப்ப மணி ஒன்பதரை. பாலத்துல போலீஸ் வண்டி விடல. நைட் டூட்டிக்கு வர வேண்டியவங்க யாரெல்லாம் அக்கரைல இருக்காங்க?" எண்ணிப் பார்த்தோம். 11 பேரில் 7 பேருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுன், பேட்டை, தச்சநல்லூரில் வீடு. அதுவரை யாருக்கும் அப்படி யோசிக்கத் தோன்றியதில்லை. கூப்பிட வேண்டிய நம்பர்கள் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருந்தன. வெள்ளத்தில் போன் சிக்னல் போனதை எல்லாரும் பார்த்துவிட்டோம்.

அன்றைக்கு மேடம் செய்த இன்னொரு நல்ல காரியம், டாக்டர்களோடு வாசல் செக்யூரிட்டி அண்ணாச்சியையும் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேடு) போடுகிற தம்பியையும் உட்கார வைத்தது. அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில் கேட்டார்: "சிஸ்டர், அடிபட்டவங்க நாப்பது பேருன்னா பின்னாலயே சொந்தக்காரங்க இருநூறு பேரு வருவாங்க. அவங்கள நான் எங்க நிப்பாட்ட?" எங்கள் திட்டத்தில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. எந்தப் பயிற்சியாக இருந்தாலும் இவர்களை விட்டுவிட்டு நடத்தினால் அது பாதிப் பயிற்சிதான்.

மேசைப் பயிற்சியின் குறை, கை பழகாது. "சிவப்பு அட்டை கட்டுவேன்" என்று வாயால் சொல்வது சுலபம். அந்த அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று மேசையில் தெரியாது.

எனக்கு அது தெரிந்தது மூன்றாவது வகையில், ராத்திரி வைக்கும் சின்னப் பயிற்சியில். ராத்திரி இரண்டரை மணி. டியூட்டி டாக்டருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். திடீரென்று மணி. ஐந்து நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம்: "நடக்க முடியாது. மூச்சு நிமிடத்துக்கு 36. பெயர் சொல்கிறார்." இந்த ஐந்து பேரையும் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் எந்த நிறம் என்று தரம் பிரிக்க வேண்டும். மொத்தம் 15 நிமிடப் பயிற்சி. நிஜ நோயாளி யாராவது வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். முதல் முறை அட்டை வைத்திருந்த அலமாரியைத் திறக்கவே 9 நிமிடம் ஆனது. சாவி இன்சார்ஜ் சிஸ்டரோடு வீட்டுக்குப் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி முதல் நாற்காலியில் பி.பி. கட்டப் போனாள். வேண்டாம் என்றதும், "பி.பி. பார்க்காம எப்படிக்கா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அவளுக்கு அங்கேயே நின்று சொன்னேன். நடப்பவர் பச்சை. நடக்காதவருக்கு முதலில் மூச்சு. மூச்சு இல்லாவிட்டால் தாடையைத் தூக்கி வழியைத் திறந்து பார். வந்தால் சிவப்பு, அப்போதும் வராவிட்டால் கறுப்பு, அதாவது காப்பாற்ற முடியாதவர். மூச்சு 30-க்கு மேல் போனால் சிவப்பு. இல்லையென்றால் நகத்தை அழுத்தி விடு, 2 விநாடிக்குள் நிறம் திரும்பவில்லை என்றால் சிவப்பு. திரும்பினால் "கையைப் பிடிங்க" என்று சொல். பிடிக்காவிட்டால் சிவப்பு, பிடித்தால் மஞ்சள். அதோடு அடுத்த ஆளுக்குப் போய்விட வேண்டும். 1983-இல் கலிபோர்னியாவில் வகுத்த முறை இது, பி.பி. கருவியே தேவையில்லை. அடுத்த மாதம் அதே பிள்ளை ஐந்து நாற்காலியையும் 4 நிமிடத்தில் முடித்தாள்.

வீடியோ வகுப்பு, ஆன்லைன் சான்றிதழ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிற விதிகளை அறிமுகப்படுத்த உதவும், சில மாதத்தில் மறந்துபோகும். கம்ப்யூட்டர் சிமுலேஷன் மருத்துவக் கல்லூரிகளுக்குச் சரி, எங்களைப் போன்ற இடங்களுக்கு விலை கட்டுப்படியாகாது.

2004-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒத்திகை ஊழியர்களுக்கு நடைமுறையைப் பழக்கும், திட்டத்தின் ஓட்டைகளைக் காட்டும் என்றார்கள். ஆனால் எந்த முறை மேல் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்பதும் அவர்கள் முடிவு. ஆக, அவரவர் இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் பெரிய ஒத்திகை கட்டாயம் வேண்டும். சுற்று வட்டாரம் முழுக்க அங்கேதான் அனுப்பும். வள்ளியூரிலோ சங்கரன்கோவிலிலோ 30 கட்டில் வைத்திருப்பவர்களுக்கு அது வீண் செலவு. தரம் பிரித்து, ரத்தத்தை நிறுத்தி, யாரை எங்கே அனுப்புவது என்று அவர்கள் பழகினால் போதும். அதற்கு மேசையும் நாற்காலியும் தாராளம். எங்களைப் போன்ற நடுத்தர மருத்துவமனைக்கு நான் முதலில் கேட்பது மாதம் ஒரு ராத்திரி மணி. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முறை வர வேண்டும். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு மேசைப் பயிற்சி. பெரிய ஒத்திகை வருடத்துக்கு ஒன்று இருக்கட்டும். ஆனால் பச்சை அட்டைக்காரர்களை முதலில் அனுப்புங்கள், கூடவே சொந்தக்காரர்களாக நடிக்கவும் ஐம்பது பேரைக் கூட்டி வாருங்கள். அவர்களை நிறுத்த இடம் இப்போது முடிவாகிவிட்டது. பின்பக்க சைக்கிள் ஷெட். அண்ணாச்சி சொன்ன இடம்தான்.

அலமாரிச் சாவி இப்போது கேஷுவாலிட்டி சுவரில் ஆணியில் தொங்குகிறது. பக்கத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் ஊழியர்களின் பெயரும் தெருவும், காகிதத்தில். ஆட்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பதால் மாதா மாதம் அதை நான் கையால் திருத்துகிறேன்.